அறம் உரைத்தவர் கடை வைத்தார்

நமது தமக்கையின் கணவர் கொல்கத்தாவில் ஒரு கல்லூரியில் பதினான்கு ஆண்டுகள் ஒழுக்கவியல் போதித்தவர். நன்மை யாது, தீமை யாது, கடமையும் விருப்பமும் மாறுபட்டால் மனிதன் எதன் பக்கம் நிற்றல் வேண்டும் என்பனவற்றை வங்காள மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லி மாதச் சம்பளம் பெற்று வந்தார். சென்ற ஆண்டு, ஆடி மாதம் என்றும் பாராமல், ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். லேக் மார்க்கெட்டுக்கு அருகே ஒரு சிறிய இடத்தை வாடகைக்குப் பிடித்து, மிளகாய், மல்லி, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கினார்.

செய்தி அறிந்தபோது நம் வீட்டில் அன்று சமையல் நடைபெறவில்லை என்றே சொல்லலாம். உத்தியோகம் புருஷலட்சணம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்பது வெறும் பணமன்று. அது காலூன்றி நிற்கும் தரை. அக்காள் தொலைபேசியில் அழுதாள். மூத்த பெண் கல்லூரியில் சேர வேண்டிய ஆண்டு அது.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவர். ஹவுராவில் ரயில்வே குமாஸ்தா. நம் குடும்பத்தில் கல்லூரி மேடை ஏறியவர் அத்தான் ஒருவரே. சங்கத்தில் எவரேனும் விசாரித்தால், "எங்கள் அத்தான் பேராசிரியர்" என்று சொல்லிக்கொள்வதில் நமக்கு ஒரு பெருமை இருந்தது. அக்காளின் கவலைக்காகவே கோபம் கொண்டதாக அன்று நினைத்தோம். பாதிக் கோபம் அந்தப் பெருமை பறிபோனதற்காகவே என்பது இன்று விளங்குகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வார்த்தை கேட்டுவிடுவது என்று புறப்பட்டோம். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு சுற்றி, மிளகாய் வற்றலில் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். அந்த நெடியில் நமக்கு வந்த தும்மலிலே கொண்டுசென்ற கோபம் பாதி கரைந்தது.

"அத்தான், அறநூல் சொல்லிக்கொடுத்த கையால் தராசு பிடிக்கலாமா?" என்று கேட்டோம்.

"உட்கார் தம்பி. அறம் சோதிக்கப்படுகிற இடமே தராசுதான்" என்று சொல்லி அவர் ஒரு கதை தொடங்கினார். அது கதையன்று, வரலாறு.

ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆடம் ஸ்மித் என்பவர் 1752 முதல் ஒழுக்கத் தத்துவப் பேராசிரியராய் இருந்தார். மனிதன் பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக எவ்வாறு உணர்கிறான் என்பதை ஆராய்ந்து 1759-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நகரம் அப்போது அமெரிக்கப் புகையிலை வாணிபத்தால் செழித்துக்கொண்டிருந்தது. அப்புகையிலையை விளைத்தவர்கள் அடிமைகள் என்பதையும் மறத்தலாகாது. ஸ்மித் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. அந்நகர வணிகர்கள் வாரந்தோறும் கூடிய சங்கத்தில் அவரும் உறுப்பினராய் அமர்ந்து, சரக்கும் பணமும் இயங்கும் விதத்தைக் கேட்டறிந்தார்.

1764-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், படிப்பாண்டின் நடுவிலேயே அவர் பேராசிரியப் பதவியை விட்டார். பக்ளூ கோமகன் என்னும் இளம் பிரபுவுக்குத் துணையாசிரியராகப் பிரான்சு சென்றார். ஆண்டுக்கு 300 பவுன் ஊதியம். பின்னர் ஆயுள் முழுதும் அதே தொகை ஓய்வூதியம். அந்நாளில் மாணவர்கள் கட்டணத்தை ஆசிரியர் கையிலேயே நேராகச் செலுத்துவது வழக்கம். எஞ்சிய பாடங்களை நடத்த வேறொருவருக்கு ஏற்பாடு செய்தபின்னும் ஸ்மித்தின் மனம் ஆறவில்லை. கடைசி வகுப்பன்று ஒவ்வொரு மாணவனின் கட்டணத்தையும் தனித்தனிக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, பெயர் சொல்லி அழைத்துத் திருப்பிக் கொடுத்தார். மாணவர்கள் மறுத்தனர், பெற்றுக்கொண்ட கல்விக்கே நன்றி போதாது என்றனர். அவர் விடவில்லை. ஒருவனுடைய சட்டையைப் பற்றி இழுத்து, அவன் பையில் பணத்தைத் திணித்தே விட்டாராம்.

இதைக் கேட்டு நாம் வாயடைத்து நின்றோம். காரணம் உண்டு. நாள்தோறும் நாம் அமரும் சாளரம் பயணச்சீட்டை ரத்துச் செய்வோருக்குப் பணம் திருப்பித் தரும் சாளரம். திருப்பித் தரவேண்டிய பணம் ஒருவனிடமிருந்து எளிதில் வெளியே வராது என்பதை அச்சாளரம் நமக்குக் கற்பித்திருக்கிறது. விதி, நேரம், பிடித்தம் என்று எத்தனை தடைகள்! வாங்குகிறவன் மறுக்க, கொடுக்கிறவன் கெஞ்சும் காட்சியை நாம் ஒருநாளும் கண்டதில்லை.

ஆயினும் தோல்வியை உடனே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "அவர் கடை வைக்கவில்லையே, அத்தான்?" என்றோம்.

"வைக்கவில்லை. 1776-இல் நாடுகளின் செல்வத்தைப் பற்றி நூல் எழுதினார். ஒரே தொழில் செய்கிறவர்கள் ஒன்றுகூடினால் விலையை ஏற்றும் சூழ்ச்சியில்தான் பேச்சு முடியும் என்று அந்நூலிலே வணிகர்களைக் கண்டித்தும் இருக்கிறார். 1778-இல் உன்னைப் போல அரசாங்க உத்தியோகத்துக்குப் போனார், சுங்க ஆணையர். தடைசெய்யப்பட்ட பண்டங்களின் பட்டியலை வாசித்துப் பார்த்தால், தம்முடைய கழுத்துத் துணியும் கைக்குட்டையுமே அதில் இருக்கின்றன! எடுத்து எரித்துவிட்டார்."

பிறர் பெட்டியைத் திறக்குமுன் தம் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி! நாம் சிரித்தோம். அத்தானும் சிரித்தார்.

"கடை வைத்த பேராசிரியர் வேண்டுமானால் கடல் கடந்து போகவேண்டாம், இந்த ஊரிலேயே இருந்தார்" என்று மேலும் தொடர்ந்தார். ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் 1889-இல் பிரெசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாயில் சேர்ந்த ரசாயன ஆசிரியர். படித்த இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கே தவங்கிடப்பதைக் கண்டு மனம் நொந்தவர். 1892-இல் மேல் சர்க்குலர் சாலையில் தாம் குடியிருந்த வாடகை வீட்டிலேயே சிறு முதலோடு மருந்துத் தொழில் தொடங்கினார். எலும்பிலிருந்து ரசாயனம் எடுப்பதற்காக மாடியில் எலும்புகளை உலர்த்த, காக்கைகள் அவற்றைத் தூக்கிச் சென்று பக்கத்து வீடுகளில் போட, அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தனராம். அத்தொழில் 1901-இல் பெங்கால் கெமிக்கல் என்னும் பங்குக் கம்பெனியாக வளர்ந்தது, 1980-இல் அரசுடைமையாயிற்று. அந்தச் சாலையே இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குமாஸ்தா வேலையைப் பற்றி அவர் நொந்துகொண்டது நம் நெஞ்சில் சிறிது தைத்தது. எனினும் ஒரு கேள்வி எழுந்தது. "அவர் கல்லூரி வேலையை விடவில்லை அல்லவா?"

அத்தான் காம்பு கிள்ளுவதை நிறுத்தினார். "உண்மைதான் தம்பி. ஒருவர் பதவியை விட்டார், வியாபாரம் செய்யவில்லை. மற்றவர் வியாபாரம் செய்தார், பதவியை விடவில்லை. நான் இரண்டையும் செய்துவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது."

அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகு கடிந்துகொள்ள நமக்கு வாய் எழவில்லை.

பின் வந்த மாதங்கள் எளியனவாக இல்லை. ஓர் உணவு விடுதிக்காரர் மாதந்தோறும் கணிசமான மிளகாய்த் தூள் வாங்க முன்வந்தார். தூள் இன்னும் சிவப்பாக இருக்கவேண்டும் என்றார். சாயம் கலவாமல் அந்தச் சிவப்பு வராது என்று அத்தான் சொன்னார். அவர் வேறிடம் போய்விட்டார். அம்மாதம் அக்காளின் இரண்டு வளையல்கள் அடகுக்குச் சென்றன. "வகுப்பிலே இதே கேள்வியை எத்தனை முறை தேர்வுக்குக் கொடுத்திருக்கிறேன்! பதில் எழுதியவனுக்கு மதிப்பெண் போட்டேன். பதிலுக்கு விலை உண்டு என்று அப்போது தெரியாது" என்றார் அத்தான்.

இவ்வாண்டு மழைக்காலத்தில் அவ்விலை மீண்டும் கேட்கப்பட்டது. கூரை ஒழுகி மல்லி மூட்டை ஒன்று ஈரம் கண்டிருந்தது. அதை அறியாமல் அரைத்து அனுப்பிவிட்டார். இரண்டு வீடுகளிலிருந்து மட்டும், வாசனை சரியில்லை என்று செய்தி வந்தது. மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவ்விரு வீட்டாருக்கும் வேறு பொட்டலம் கொடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். அக்காளும் அதையே சொன்னாள். நாமும் அதையே சொன்னோம்.

அத்தான் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். அம்மூட்டையிலிருந்து பொட்டலம் சென்ற வீடுகள் நாற்பத்து மூன்று. நோட்டுப் புத்தகத் தாள்களைக் கிழித்து, ஒவ்வொன்றிலும் உரிய பணத்தை மடித்து, மேலே பெயர் எழுதினார். ஞாயிறு காலையில் அவர் முன்னே நடக்க, நாம் பையைத் தூக்கிக்கொண்டு பின்னே நடந்தோம். நம் பிழைப்பே பணம் திருப்பித் தருவதுதான் என்றாலும், வீடு தேடிச் சென்று தருவது அதுவே முதல் தடவை.

பலர் வியந்தனர். சிலர் சந்தேகத்தோடு எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டனர். ஒரு பாட்டியம்மாள், "குழம்பு நன்றாகத்தானே இருந்தது? எடுத்துக்கொண்டு போப்பா" என்று கதவைச் சாத்தப் போனார். அத்தான் நின்று, "நீங்கள் வாங்கிக்கொள்ளாவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது, அம்மா" என்றார். அம்மூதாட்டி அவரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கை நீட்டினார். அந்த வேளையில் கிளாஸ்கோ நகரத்து வகுப்பறை நம் கண்முன் வந்து நின்றது.

இதனால் வியாபாரம் பெருகிற்று என்று எழுத ஆசைதான். ஆனால் அது பொய்யாகும். இரண்டு புதிய வீடுகள் சேர்ந்தன. மூன்று பழைய வீடுகள் நின்றுபோயின. வளையல்கள் இன்னும் அடகில்தான் இருக்கின்றன. பெண்ணின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை இவ்வாண்டு நாம் கட்டினோம். கடனாகவே பெற்றுக்கொள்வேன் என்று அத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் செய்தது சரியா என்று அக்காள் இன்றும் கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல நம்மிடம் முழு விடையில்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. இப்போது சங்கத்தில் எவரேனும் விசாரித்தால், "எங்கள் அத்தான் மசாலாக் கடை வைத்திருக்கிறார்" என்றே சொல்கிறோம். குரல் தாழ்வதில்லை. திங்கட்கிழமை காலை சாளரத்தைத் திறந்து, முதலில் நிற்பவருக்குரிய பணத்தை எண்ணும்போது, சில்லறையையும் சேர்த்து ஒருமுறைக்கு இருமுறை எண்ணிக் கொடுக்கிறோம்.