பின்னச்சின் எண்ணெய்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, இலக்கணத்தையோ இலக்கியத்தையோ பற்றிய ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். பயிற்றப்பட்ட தமிழாசிரியன் ஒருவனிடம் வேறு எதனை எதிர்பார்ப்பது? ஆயினும் இம்முறை யாம் எழுதப் புகுந்தது மோட்டார் வண்டியின் பின்னச்சுக்கு எண்ணெய் மாற்றும் செய்தியாகும். பழைய மாணவர்களுட் சிலர் நகைத்தல் கூடும். கல்முனைக்குத் தெற்கே அண்மையிலுள்ள காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த விபுலாநந்த அடிகள், தமிழ்ப் பேராசிரியராவதற்கு முன் விஞ்ஞான ஆசிரியராக விளங்கியவர் என்பதை அவர்களுக்கு நினைவூட்டி மேலே செல்கின்றோம். தமிழுக்குப் புறம்பான பொருள் என்று ஒன்று இல்லை என்பதே அப்பெரியார் வாழ்ந்து காட்டிய பாடம்.

எம்மிடம் இருப்பது ஒரு மொரிஸ் மைனர். 1948 இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டதும், அலெக் இசிகோனிசு என்பாரால் வடிவமைக்கப்பட்டதுமான இவ்வகை வண்டி, 1970 களின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோனது. ஆனால் இலங்கைத் தெருக்களில் இன்னும் நின்றபாடில்லை. எமது வண்டி மாமனார் வழியாக வந்தது. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கம் வரை தனியார் வண்டிகளுக்கு அத்தடை நீடித்த காலத்திலே, பழைய வண்டியை வைத்திருந்தவர் அதனைக் கண்ணுங் கருத்துமாகப் பேண வேண்டியவராயினர். யாமும் அவர்களுள் ஒருவர்.

இனிப் பின்னச்சு என்பது யாது எனக் கூறுவோம். மாட்டு வண்டியின் அச்சு அசையாது. சக்கரங்கள் இரண்டும் தத்தமக்கேற்பச் சுழலும். ஆதலின் வளைவில் வண்டிக்காரனுக்கு இடரில்லை. இயந்திரமே சக்கரங்களைச் சுழற்ற வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் சிக்கல் தோன்றியது. வளைவில் உட்புறச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்புறச் சக்கரம் கூடிய தூரமும் ஓடுதல் வேண்டும். இரண்டையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்துவிட்டால், ஒரு சக்கரம் தரையில் தேய்ந்து இழுபடும். பெக்கர் என்னும் பிரெஞ்சு நாட்டுக் கடிகாரத் தொழிலாளர், நீராவி வண்டிக்கென 1820 களின் இறுதியில் இதற்கு ஒரு வழி கண்டு உரிமம் பெற்றார். ஒரு சக்கரம் எவ்வளவு மெதுவாகச் சுழல்கின்றதோ, அவ்வளவு விரைவை மற்றச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பற்சக்கரக் கூட்டம் அது. எமது தொழிலாளர் அதனை டிபரன்சல் என்பர்.

இப்பற்சக்கரங்கள் கிடக்கும் உருண்டைக் கூட்டினுள்ளே ஊற்றப்படும் எண்ணெய் இயந்திர எண்ணெய் அன்று. தொண்ணூறாம் இலக்கத்துக் கியர் ஒயில். அதற்குக் காரணம் உண்டு. இங்குள்ள பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு அமையாது, பேரழுத்தத்தில் வழுக்கியும் செல்லும். அவ்வழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கியர் ஒயிலிற் சேர்ந்துள்ள கந்தகமும் பொசுபரசும் சூடேறியவிடத்து இரும்போடு கூடி மெல்லிய காப்புப் படலம் ஒன்றைத் தோற்றுவித்துப் பல்லைப் பல் தின்னாது காக்கும். அவ்வெண்ணெயின் கடுநாற்றம் அக்கந்தகத்தினாலேயே வருவது.

இவற்றையெல்லாம் யாம் கற்றது சாய்ந்தமருதில் கராச் வைத்திருக்கும் ஒரு காக்காவிடம். எம்மிலும் வயதில் மூத்தவர். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது இலங்கையிலே மிகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. அதன்பின் பல மாதங்கள், கடல்நீர் புகுந்த வண்டிகளின் அச்சுகளைக் கழற்றி மணலை வாரிக் கொட்டியதாக அவர் சொல்வார். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

எமக்கு அவருதவி பெரிதும் வேண்டியிருந்தது 2024 நவம்பரில். உயர்தரப் பரீட்சை 25 ஆந் திகதி தொடங்கிற்று. நாவிதன்வெளிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் எமக்கு நோக்குநர் கடமை. மாலையில் திரும்புகையில் கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாயத் தொடங்கியிருந்தது. அரைச் சக்கரம் மறையும் நீரில் வண்டி கடந்து வந்தது. மறுநாள் மாவடிப்பள்ளியில், மத்ரசா மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டுப் பிள்ளைகள் பலர் மாண்டனர். இக்கரையோரம் முழுவதும் சாதி சமயம் பாராது அழுதது. வெள்ளத்தின் முன் எந்தச் சக்கரமும் பெரிதன்று என்பதை அந்நாள் எமக்கு உணர்த்திற்று. 27 ஆந் திகதி முதல் பரீட்சையும் இடைநிறுத்தப்பட்டது.

டிசம்பர் 4 இல் பரீட்சை மீண்டும் தொடங்கும் என்ற அறிவித்தல் வந்ததும், வண்டியை எடுத்துக்கொண்டு காக்காவிடம் சென்றோம். பின்புறத்தில் மெல்லிய முரலொலி ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அவர் கேட்ட முதற் கேள்வி, "மாஸ்டர், தண்ணிக்குள்ளால வந்தீங்களா?" என்பதே.

அச்சுக் கூட்டின் உச்சியில் மூச்சுவிடும் சிறு துளை ஒன்று உண்டு. ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் அமிழும்போது, உள்ளிருக்கும் காற்றுச் சுருங்கித் துளைவழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். அத்துளை சேற்றினால் அடைபட்டாலோ வேறொரு தீங்கு: சூட்டினால் விரியும் காற்று எண்ணெயைச் சீல் வழியே வெளியே தள்ள, அது பிரேக்கில் படிந்து வண்டியை நிறுத்தவொட்டாது செய்துவிடும்.

எண்ணெய் மாற்றும் முறையை அவர் செய்தபடியே தருகின்றோம். முதலில் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்குதல் வேண்டும். ஆறிய எண்ணெய் பாகுபோல உள்ளேயே தங்கும். பின்னர் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தின் இருபக்கத்தையும் ஒத்த உயரத்தில் தாங்கிகளின்மேல் ஏற்ற வேண்டும். ஒருபக்கத்தை மட்டும் உயர்த்தினால் எண்ணெய்மட்டம் பொய் சொல்லும். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் எவரும் புகுதல் ஆகாது.

அடுத்ததே இத்தொழிலின் தலையாய விதி. "மேல் நட்டு கழராம கீழ் நட்டில கை வைக்கப்படா, மாஸ்டர்" என்றார் காக்கா. கீழ் நட்டு வடிப்பதற்கு. மேல் நட்டு நிரப்புவதற்கு. கீழ் நட்டைக் கழற்றி எண்ணெயை வடித்தபின் மேல் நட்டு அசைய மறுத்தால், எண்ணெயற்ற அச்சோடு வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். உப்புக்காற்று வீசும் எம் ஊர்களில் நட்டு இறுகித் துருவேறுதல் இயல்பு. எமது வண்டியின் மேல் நட்டையோ, முன்பு வேறோரிடத்தில் எவரோ உளியால் அடித்து முனை மழுக்கியிருந்தனர். காக்கா துருநீக்கும் எண்ணெய் பூசி, ஒரு தேநீர் அருந்தும் நேரம் பொறுத்திருந்து, மெல்லத் தட்டித் தட்டி அதனை அசைத்தார். அந்தப் பொறுமையை எம் வகுப்பறையில் யாம் எத்தனை முறை காட்டியிருப்போம் என்று எண்ணிக்கொண்டோம்.

கீழ் நட்டு திறந்ததும் வடிந்தது பால் கலந்த தேநீரின் நிறம். கருமையோ கபிலமோ ஆயின் குறையில்லை. பால்நிறமாயின் நீர் புகுந்தது என்பது பொருள். வடிந்ததை அவர் இருவிரலிடையே தேய்த்துப் பார்த்தார். மாவுபோன்ற இரும்புத்தூள் வயதின் அடையாளம். துணுக்குகள் அகப்படின் பல் உடைந்துள்ளது. துணுக்கு இருக்கவில்லை. புது எண்ணெய் ஊற்றி, மருதமுனை வரை ஓட்டிவந்து, அதனையும் வடித்து, மறுபடியும் நிரப்பினார். மேல் துளையின் விளிம்பால் எண்ணெய் மெல்ல வழியும்போது நிறுத்துவதே அளவு. எமது வண்டிக்கு அது ஒன்றரைப் பைந்து. ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. மூச்சுத் துளையும் துப்புரவாக்கப்பட்டது. பழைய எண்ணெயைக் களப்பிலோ வயலிலோ கொட்டாது தகரத்தில் அடைத்து வைத்தார். முரலொலி ஓய்ந்தது. 4 ஆந் திகதி காலை உரிய நேரத்துக்கு முன்னரே பரீட்சை மண்டபத்தில் இருந்தோம்.

கூலி எவ்வளவென்று கேட்டபோது, எண்ணெயின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டு, "பிள்ளைகள்ற சோதினைக்குத்தானே போறீங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வச்சைப் பற்றி எண்ணுந்தோறும் எமக்கு ஒன்று தோன்றும். இரு சக்கரமும் ஒரே விரைவிற் சுழல வேண்டும் என்று வற்புறுத்தாமையே நல்லோட்டத்துக்கு வழி. ஆயின் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு சக்கரம் சேற்றிற் புதைந்தால், அது வீணே சுழல, உறுதியான தரையில் நிற்கும் மற்றச் சக்கரம் அசையாது நின்றுவிடும். அதனாலேயே உழவு இயந்திரத்தில் இரண்டையும் ஒன்றாகப் பூட்டும் மிதி வைத்துள்ளனர். எம் மாவட்டத்து உழவர் இதனை நன்கறிவர். தமிழரும் முசிலிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையோரத்தில், நல்ல தெருவில் அவரவர் விரைவில் அவரவர் செல்லலாம். சேறு வந்தால் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளல் வேண்டும். கடல் பொங்கிய நாளிலும் வெள்ளம் பெருகிய நாளிலும் அவ்வாறே செய்தோம். மற்ற நாட்களில் இடையே ஊற்ற வேண்டிய எண்ணெயை மறவாதிருத்தலே எம் கடன்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். கையிற் கரி படியும் தொழிலை இழிவென்று எண்ணற்க. பரீட்சையில் தவறியவனின் புகலிடம் என்று கராச்சை எண்ணுவோர் நம்மிடையே பலர். மேல் நட்டு முந்தியா கீழ் நட்டு முந்தியா என்று ஆராய்ந்து செய்தலும் கல்வியே. எம்மை ஆளாக்கிய கல்லூரி அன்னை, நூலறிவோடு கைத்திறனும் வாய்ந்த மக்களை மேன்மேலும் ஈன்று நீடூழி வாழ்க.