இடிக்குமுன் ஒரு சித்திரம்

சென்ற ஆண்டு, பாட்டனார் காலத்து எங்கள் நாற்சார் வீட்டை இடித்தோம். இடிக்கச் சொன்னவன் நானே. கூரை மரங்கள் உளுத்துப் போயின. மாரி காலத்தில் தாயாரின் கட்டிலை அறைக்கு அறை மாற்ற வேண்டியிருந்தது. இன்று அவ்விடத்தில் சீமெந்து வீடு நிற்கிறது. தாயாரும் நனையாமல் உறங்குகிறார். ஆயினும் ஒரு நாள் மாலை அவர், "தம்பி, தலைவாசல் தூணிலை செதுக்கியிருந்தது என்ன பூ?" என்று கேட்டார். சிறுவயது முதல் நான் சாய்ந்து நின்ற தூண் அது. என்னால் விடை கூற இயலவில்லை.

அக்கேள்வி, பிரெஞ்சு நாட்டுச் சித்திரக்காரர் ஒருவரை எனக்கு நினைவூட்டியது. 1821ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் பிறந்த ஷார்ல் மெரியோன், கடற்படை அதிகாரியாக நியூசிலாந்து வரை சென்று வந்தவர். ஓவியராக விரும்பினார்; ஆனால் நிறங்களைச் சரியாகப் பிரித்தறிய அவர் கண்களால் இயலவில்லை. எனவே, கறுப்பும் வெள்ளையுமே போதுமான செப்புத் தகட்டுச் சித்திரக் கலையை மேற்கொண்டார்.

செப்புத் தகட்டின்மீது மெழுகுப் பூச்சுத் தடவி, ஊசியாற் கீறி, அமிலத்தில் இடுவர். கீறிய கோடுகளை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளில் அழுத்தினால், சித்திரம் இடம் வலமாக மாறிப் பதியும். பிழைத்த கோட்டை எளிதில் அழித்தல் முடியாது. ஆதலால் நன்றாகப் பார்த்த பின்னரே கை அசையும்.

1850 முதல் 1854 வரை, பாரிஸின் பழம் பாலங்களையும் கோபுரங்களையும் மெரியோன் இவ்வாறு பதிந்தார். 1851இல் இடிக்கப்பட்ட தெருமூலைக் கோபுரம் ஒன்று, மறு ஆண்டு அவர் தகட்டில் மீண்டும் எழுந்தது. 1853இல் மூன்றாம் நெப்போலியன் நியமித்த ஓஸ்மான், பழைய சந்துகளை இடித்து அகன்ற வீதிகளை அமைக்கத் தொடங்கினார்.

ஓஸ்மானைக் கொடியவர் என்று கூறிவிடலாமோ? 1832இல் வாந்திபேதி அந்நகரிற் பதினெண்ணாயிரம் பேரளவில் உயிர் கொண்டது. அவர் காலத்தில் நல்ல நீரும் கழிவுநீர்க் கால்வாய்களும் வந்தன. சித்திரத்திலுள்ள சந்தில் நாற்றமும் இல்லை, நோயும் இல்லை. பழமையை எண்ணி ஏங்குவோர் இதை மறத்தலாகாது. மெரியோனோ வறுமையில் உழன்று, மனநோய் மருத்துவமனையில் 1868இல் மறைந்தார்.

இதனை வகுப்பிற் கூறியபோது மாணவன் ஒருவன், "சேர், போனிலை படம் எடுத்தாற் போதாதோ? ஏன் கீறவேணும்?" என்றான். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டின் படங்களும் என்னிடம் நிறைய உண்டு. பிறந்தநாள், பொங்கல், விருந்தினர் வருகை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அத்தூணை மறைத்துக்கொண்டு நிற்கிறார். கீற அமர்ந்திருந்தால் இதழ்களை எண்ணியிருப்பேன்.

அன்றிரவு தாயாரும் நானும் பென்சில் எடுத்து அந்தப் பூவைக் கீறிப் பார்த்தோம். எட்டிதழ் என்றார் அவர். ஆறு என்றேன் நான். வழக்கு இன்னும் தீரவில்லை.

மாணவர்களே, ஒழுகும் வீட்டை இடிக்கத்தான் வேண்டும். ஆனால் அது நிற்கும்போதே ஒரு தாளும் பென்சிலும் கொண்டு முற்றத்திற் சற்று நேரம் அமருங்கள்.