தலைக்கனம்

அப்பாவுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரில் முதலில் சொன்னவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. 2016-ஆம் ஆண்டு ஐப்பசியில் அந்தப் பேச்சு எங்கள் காதுக்கும் வந்து சேர்ந்தது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். கடைத்தெருவில் எவரைக் கண்டாலும் பெயர் சொல்லி அழைத்து வீட்டு நலம் விசாரிப்பவர். இப்போது எதிரே வந்து வணக்கம் சொல்பவரை வெறித்துப் பார்த்துவிட்டுக் கடந்து போகிறாராம். பழைய மாணவர் ஒருவர் தம் மகளின் திருமண அழைப்பிதழைத் தபாலில் அனுப்பியிருந்தார்; அடுத்த தெருவிலிருந்து! அப்பா அந்த உறையை அன்று முழுதும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை எழுதும் நாங்கள் உடன்பிறந்தவர்கள். இருவருமே அப்போது வெளியூரில் இருந்தோம். தொலைபேசியில் அவர் எங்களிடம் சொன்னது ஒன்றுதான்: "நடந்தா தெருவே குதிக்குதுப்பா." முதுமை என்று நினைத்தோம். பிறகு கண்புரை என்று நினைத்தோம். கண் மருத்துவரிடம் அழைத்துப் போனபோது, நாற்காலியில் அமர்ந்து, எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கண்ணில் குறையில்லை என்றால் மனத்தில்தான் என்று நாங்களும் கொஞ்ச நாள் நம்பினோம். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவதாகப் பார்த்த இளம் மருத்துவர் ஒருவர்தான் வேறொன்று செய்தார். அதே பலகையை, தலையை இடமும் வலமுமாக வேகமாக அசைத்துக்கொண்டே படிக்கச் சொன்னார். மேலிருந்து மூன்றாம் வரியை அப்பாவால் தாண்ட முடியவில்லை.

வாசிப்பவர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். ஒரு புத்தகத்தைக் கையில் பிடித்து, அதை வேகமாக ஆட்டியபடி படிக்க முயலுங்கள், எழுத்துகள் கலங்கிவிடும். இப்போது புத்தகத்தை அசையாமல் வைத்துவிட்டு, அதே வேகத்தில் தலையை ஆட்டிப் படியுங்கள். படிக்க முடிகிறது. இரண்டிலும் கண்ணுக்கும் தாளுக்கும் இடையில் நிகழும் அசைவு ஒன்றேதான். ஆயினும் தாள் அசைந்தால் அதைக் கண்ணால் கண்டு பின்தொடர வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. தலை அசைந்தால் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள் அதை உடனே உணர்ந்து, ஏறக்குறைய நொடியின் நூறில் ஒரு பங்குக்குள், விழிகளை எதிர்த்திசையில் அதே அளவு திருப்பிவிடுகின்றன. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தலை குலுங்குகிறது. உலகம் குலுங்குவதில்லை. இந்த ஊழியத்தைச் செய்வது காது என்பதை எங்கள் வயதுவரை அறியாமலேயே வாழ்ந்திருக்கிறோம்.

அப்பாவுக்கு அது அறுந்து போயிருந்தது. அவ்வாண்டு ஆடியில் இதய வால்வில் கிருமித்தொற்று ஏற்பட்டு, ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் படுத்திருந்தார். அங்கே போட்ட ஊசி மருந்துகளில் ஜென்டாமைசினும் ஒன்று. உட்செவியின் நுண்மயிர்ச் செல்களை அது அழிக்கக்கூடும். அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. கேட்கும் திறன் பெரிதும் கெடாமலே இது நேரலாம் என்பதால், காதின் மேல் எவருக்கும் ஐயம் எழவில்லை. உயிரைக் காத்த மருந்தை நாங்கள் குறை சொல்லவில்லை. இப்படி நேரலாம் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் எங்கள் மனக்குறை.

1952-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஜே.சி. என்ற இரண்டு எழுத்துகளை மட்டும் இட்டு ஒரு மருத்துவர் தம் கதையை எழுதியிருக்கிறார். ஸ்ட்ரெப்டோமைசினால் அவருக்கும் இதே இழப்பு. நாடித்துடிப்பில் தலை அதிர்வதே போதும், புத்தகத்தின் எழுத்துகள் துள்ளின. கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே தலையை இறுக்கி வைத்துக்கொண்டுதான் அவரால் படிக்க முடிந்தது. தெருவில் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டுமானால் நின்றாக வேண்டும். இதை நாங்கள் படித்துக் காட்டியபோது அப்பா வெகுநேரம் பேசவில்லை. அவரும் அந்த மாதங்களில் சுவரில் பின்னந்தலையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் படித்துக்கொண்டிருந்தார். சுவரில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. வெற்றிலை மென்றால் வரிகள் ஆடுகின்றன என்று, அறுபதாண்டுப் பழக்கத்தை வாசிப்புக்காக விட்டுவிட்டார். அம்மா எவ்வளவோ சொல்லியும் விடாத வெற்றிலை!

அசைவு ஒன்றே பகை என்றும் சொல்ல முடியாது. ரஷ்ய ஆய்வாளர் யார்பஸ், விழியின் மேல் சிறு மூடியொன்றைப் பொருத்தி, விழியோடு சேர்ந்தே நகரும்படி ஒரு படத்தைக் காட்டினார். சில நொடிகளில் படம் மறைந்து போயிற்று. முற்றும் அசையாத உருவத்தைக் கண் காண்பதில்லை. படிக்கும்போதும் விழி வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை. தாவித் தாவி நிற்கிறது. 1870களின் இறுதியில் இதைக் கவனித்தவர்களுள் ஒருவரான பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஜாவால், பின்னாளில் கண்ணழுத்த நோயால் பார்வை இழந்தார் என்பதை அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை அசைக்கும் பயிற்சியைத் தினமும் செய்கிறார். ஓரளவு தேறியிருக்கிறார். இருட்டில் மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரில் பெரும்பாலோருக்கு விவரம் தெரிந்துவிட்டது; அழைப்பிதழ் அனுப்பிய மாணவர் நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மறந்து போகிறவர்கள் நாங்கள்தாம். ஊருக்குப் போய்ப் பேருந்திலிருந்து இறங்கியதும், தூரத்தில் குடையோடு வரும் அவரைப் பார்த்துக் கையசைக்கிறோம். பதில் வருவதில்லை. உடனே நினைவு வந்து நின்றுவிடுகிறோம். ஆனால் நாங்கள் நின்று பயனில்லை, நிற்க வேண்டியவர் அவர். ஏதோ உருவம் என்று உணர்ந்ததும் குடையைத் தரையில் ஊன்றி நிற்கிறார். பிறகு எங்கள் இருவரின் பெயரையும் சொல்கிறார்.