ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்த வருஷம்

போன வாரம் சென்னையிலேருந்து அக்கா மகன் வந்திருந்தான். வரப்புல உட்கார்ந்து ஒரே புலம்பல். "சம்பளம் நல்லாத்தான் இருக்கு மாமா. ஆனா பக்கத்து சீட்டுக்காரன் எப்ப நம்மள முந்துவான்னு பாக்குறதுலயே பொழுது போயிடுது. வேலையே கசந்துபோச்சு."

ஆபீஸ் வேலை எனக்கென்ன தெரியும்? என் வயல்ல நான் செஞ்ச ஒரு தப்பைச் சொன்னேன்.

சம்பா நடவு. பதினாலு பொம்பளைங்க வரிசையா நின்னு பின்னாடி நகர்ந்துகிட்டே நடுவாங்க. அதுல ஒரு பெரியம்மா, அறுபது வயசுக்கு மேல. கை கொஞ்சம் மெதுவு. ஆனா வரிசை பிசகாது. ரெண்டு பக்கமும் நிக்கிறவங்க கை நீட்டி அவங்க பங்குல நாலு குத்து நட்டுருவாங்க. பாட்டும் கேலியுமா போகும். யாரும் யாரையும் கணக்குப் பார்த்ததில்ல.

அந்த வருஷம் மழை வர்ற மாதிரி இருந்துச்சு. அவசரத்துல, "முதல்ல முடிக்கிற ரெண்டு பேருக்கு ஐம்பது ரூபாய் கூட"ன்னு சொல்லிட்டேன். பத்து மணிக்கெல்லாம் பாட்டு நின்னுபோச்சு. நாத்து முடி யாருக்குக் கிட்ட விழுந்துச்சுன்னு சண்டை. பெரியம்மா மட்டும் நடு வயல்ல தனியா நின்னாங்க. மறுநாள் காலையில பார்த்தா அங்கங்க நாத்து மிதக்குது. ஒரு குத்துக்கு ரெண்டு மூணு நாத்து வைக்கிற இடத்துல கொத்தா அள்ளி வச்சிருக்காங்க. விட்ட இடத்துல திரும்ப நட ஆள் விட்டதுல நேரமும் போச்சு, காசும் போச்சு.

பெரியம்மா மறுநாள் வரல. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். "இத்தனை வருஷமா இடுப்பு வலிச்சதில்ல தம்பி, நேத்துதான் வலிச்சுது"ன்னாங்க. எனக்குப் பேச்சே வரல.

அடுத்த வருஷம் மாவுக்கு இவ்வளவுன்னு மொத்தக் கூட்டத்துக்கும் கூலி பேசினேன். மூணு மா ஒரு ஏக்கர். பிரிக்கிறது அவங்க பாடு. பெரியம்மாவை நேர்ல போய்க் கூப்பிட்டேன், வந்தாங்க. எல்லாருக்கும் சமமாத்தான் பிரிச்சுக்கிட்டாங்க. நடவும் நேரத்துக்கு முடிஞ்சுது.

அதே சேறு, அதே வெயில், அதே குனிஞ்ச முதுகு. பக்கத்துல நிக்கிறவ துணையா, போட்டியாங்கிறது ஒண்ணுதான் மாறுச்சு. அதை மாத்தி வச்சது நடுறவங்க இல்ல, வரப்புல குடையோட நின்ன நான்.

அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னான்: "மாமா, இப்ப எனக்குக் கீழயும் ஆறு பேர் இருக்காங்க."