ஏழு போத்தல் மணல்

“நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பே தீவு” என்று சிறு வகுப்பிலேயே மனனம் செய்து ஒப்புவித்தவர்கள் நாம். இலங்கை ஒரு தீவு. ஆகவே அதனைச் சுற்றிக் கடற்கரை உண்டு. கடற்கரையில் மணல் உண்டு. இதற்கு மேல் அறிய என்ன இருக்கிறது என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். ஆனால், ஒரு கரையைப் போல் மற்றொரு கரை இல்லை என்பதையும், ஒவ்வொரு கரைக்கும் ஒரு பிறப்பும் ஒரு குணமும் உண்டு என்பதையும் கடந்த ஓராண்டில் நான் கண்டறிந்தேன். அதனை என் அன்புத் தோழியருடன் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புவியியல் பாடத்துக்கு எங்கள் அருட்சகோதரி ஓர் ஒப்படை தந்தார். வெவ்வேறு கரைகளின் மணலைச் சேகரித்து ஒப்பிட வேண்டும் என்பதே அது. என் தந்தையார் ஒரு லொறிச் சாரதி. நாடெங்கும் சரக்கு ஏற்றிச் செல்பவர். “விடுமுறை நாளில் வா பிள்ளை, காட்டுறன்” என்றார். நானும் தம்பியும் ஏழு வெற்று மருந்துப் போத்தல்களைக் கழுவிக் காயவைத்தோம்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடலைப் பற்றி எங்கள் வீட்டில் எவரும் பேசுவதில்லை. அம்மா பிறந்தது வடமராட்சிக் கிழக்கில், மணற்காட்டுக்கு அப்பால் உள்ள ஒரு மீனவக் கிராமம். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, பாலன் பிறப்புக்கு மறுநாள், ஞாயிறு காலையில் வந்த ஆழிப்பேரலை இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களுள் ஒருவர் என் சின்னம்மா. அப்போது அவருக்கு வயது 12. அம்மாவுக்கு 17. அதன் பின் அம்மா கடற்கரைக்குப் போனதே இல்லை. என் சின்னம்மாவை நான் படத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

முதற் போத்தல் காரைநகரில் நிரம்பியது. கசூரினாக் கடற்கரை என்பது அங்குள்ள சவுக்கு மரங்களால் வந்த பெயர். நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்பளவைத் தாண்டாது. குளத்து நீர் போல அமைதியான கடல். வீட்டுக்கு வந்து அம்மணலை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். அவை வெறும் மணல் அல்ல. சிப்பி, சங்கு, பவளம் ஆகியவற்றின் பொடிகள். சில துளி வினாகிரி விட்டதும் சோடா போல நுரைத்தது! கல்சியம் காபனேற்று அமிலத்தோடு சேர்ந்தால் வாயு கிளம்பும் என்று விஞ்ஞான பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லால் ஆனது. மலையிலிருந்து மண் கொண்டு வரும் பேராறு இங்கு இல்லை. ஆகவே நம் கரைக்கு மணல் தருவது பெரும்பாலும் கடல்வாழ் உயிர்களே.

திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியில் இரண்டாவது போத்தல். கண்ணைக் கூசச் செய்யும் வெண்மணல். இங்கே வினாகிரி விட்டால் சில மணிகள் மட்டுமே நுரைக்கின்றன. ஏனையவை குவாட்சு என்னும் படிகக்கல். மலைப்பாறைகள் தேய்ந்து வந்தவை. எதிரே தெரியும் புறாத்தீவின் பவளப் பாறைகளைக் காக்க, 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. இன்னும் வடக்கே சென்றால் புல்மோட்டை. அங்குள்ள மணலில் கருமை கலந்திருக்கிறது. அதே அளவு போத்தல்தான். ஆனால் கை கனத்தது. இல்மனைற் எனும் கனிமமே காரணம். இக்கரிய மணலிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு வெள்ளை வர்ணப்பூச்சுத் தயாரிக்கிறார்கள் என்று அறிந்தபோது தம்பி நம்பவே இல்லை.

நான்காவது, மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடா. பாசி நிறைந்த குடா என்பதே பெயரின் பொருள். குழந்தைகளும் அஞ்சாமல் இறங்கக் கூடிய ஆழமற்ற நீர். இதே கிழக்குக் கரையில் தெற்கே அறுகம்குடாவிலோ, பலகையில் ஏறி அலையின் மேல் சறுக்கி விளையாட உலகெங்குமிருந்து வருகிறார்கள். ஒரே கரையோரம்; ஒரே கடல். குணம் மட்டும் வேறு.

ஐந்தாவது போத்தலுக்காக மேற்குக் கரைக்குச் சென்றோம். நீர்கொழும்பில் மணல் பழுப்பு நிறம். மகா ஓயா போன்ற ஆறுகள் உள்நாட்டிலிருந்து கொண்டு வந்த மண் அது. ஆற்றிலே மணலை அளவின்றித் தோண்டியதால் கரைக்கு வர வேண்டிய மணல் குறைந்து, கடல் ஊருக்குள் ஏறுகிறது. அதனைத் தடுக்கக் கருங்கற்களைக் குவித்திருக்கிறார்கள். அம்மணலைச் சலித்தபோது பருப்பை விடச் சிறிய வெள்ளை மணிகள் இரண்டு கிடைத்தன. அவை பிளாஸ்டிக். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய சரக்குக் கப்பலிலிருந்து கொட்டி, இக்கரையெங்கும் ஒதுங்கியவை எத்தனையோ கோடி.

மேற்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் மீனவர் சிலர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுநாள் வழக்கம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும்போது மேற்கு அமைதியுறும். நம் தீவின் இரு கரைகளும் முறை வைத்துத் தூங்குகின்றன எனலாம்.

ஆறாவது, தெற்கே ஹிக்கடுவை. கரைக்கு அருகிலேயே பவளப் பாறை, ஆமைகளும் வருகின்றன. அதற்கு அண்மையில் பெரெலிய என்னும் ஊரில்தான் 2004இல் ஆழிப்பேரலை ஒரு புகைவண்டியையே புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் அதிகமானோர் அதில் மாண்டனர். பவளப் பாறைகள் உடைத்து எடுக்கப்பட்ட இடங்களில் அலை அதிக தூரம் உட்புகுந்தது என்றும், பாறைகள் காக்கப்பட்ட இடங்களில் வேகம் தணிந்தது என்றும் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டனர். அதனைக் கேட்டபோதுதான், கரை என்பது வெறும் விளையாட்டிடம் அன்று, அது ஒரு வேலி என்பது எனக்கு விளங்கியது.

ஏழாவது போத்தல் வெறுமையாகவே இருந்தது. வடமராட்சிக் கிழக்கு மணல் இல்லாமல் ஒப்படை நிறைவு பெறாது. மாமாவிடம் சொல்லி அனுப்புவோம் என்றார் அப்பா. நான் ஆறு போத்தல்களையும் மேசையில் அடுக்கி, பெயர்த் துண்டுகளை ஒட்டிக் கொண்டிருந்தேன். அம்மா வந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பெரெலிய பற்றி நான் எழுதி வைத்திருந்ததை இரு முறை வாசித்தார். பின்பு, “அந்த மண்ணை நானே அள்ளித் தாறன்” என்றார்.

மறு வாரம் போனோம். மணற்காட்டில் மணல்மேடுகள் மலை போல் எழுந்து நிற்கின்றன. மணலில் பாதி புதைந்த புனித அந்தோனியார் பழைய ஆலயத்தின் சுவர்களைப் பார்த்துச் சற்று நேரம் நின்றோம். மாமா இன்றும் கரைவலைத் தொழில் செய்பவர். அலையால் அழிந்த வீட்டை விட்டு உள்ளே தள்ளிக் குடியிருக்கிறார். மேட்டில் படர்ந்திருந்த அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் காட்டி, “இதுகள்தான் மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்கு. கொடியை அறுத்து மண்ணை லொறியில ஏத்தினா, பிறகு எங்களுக்கு என்ன காவல்?” என்றார். அப்பா தலையைக் குனிந்து கொண்டார்; அவர் மணல் ஏற்றுபவர் அல்லர், எனினும் லொறிக்காரர் அல்லவா!

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறி, மறுபக்கம் இறங்கினார். நீர் விளிம்புக்குப் போகவில்லை. பத்தடி தள்ளி நின்றார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு குனிந்து ஒரு பிடி அள்ளிப் போத்தலில் இட்டார். “தங்கச்சி இதிலதான் சிப்பி பொறுக்கிறவள்” என்றார். சின்னம்மாவைப் பற்றி அம்மா என்னிடம் கூறிய முதல் வார்த்தை அது. திரும்பும் வழியெல்லாம் இன்னும் பல கூறினார். சின்னம்மாவுக்குப் பாட்டுப் பாட வரும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

தோழியரே! கடல் திடீரென உள்வாங்கினாலோ, நிலம் நடுங்கினாலோ உயரமான இடத்துக்கு ஓடுங்கள் என்று இன்று நமக்குக் கற்பிக்கிறார்கள். அன்று அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் அதனைக் கற்பித்தவர் எவருமில்லை. கடலை அஞ்சி விலகுவதும் ஆகாது. அறியாமல் விளையாடுவதும் ஆகாது. கரையின் குணத்தைக் கற்றுக் கொள்வோம். அதன் மணலையும் பவளத்தையும் கொடியையும் அதற்கே விட்டு வைப்போம். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்பது முதியோர் வாக்கு. அது மனிதருக்காகச் சொல்லப்பட்டது. ஆனால் அக்கொடிக்கும் அது முற்றும் பொருந்தும்.

ஆறு போத்தல்கள் எம் புவியியல் அறையில் உள்ளன, எவரும் பார்க்கலாம். ஏழாவதை ஒப்படைக்குக் காட்டியபின் திரும்பப் பெற்றுக் கொண்டேன். அது எங்கள் வீட்டில், சின்னம்மாவின் படத்துக்கு அருகில் இருக்கிறது.

— க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு