காணாமற்போன 769 மெகாபைட்

நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் ஜன்னலை ஒட்டி ஆறு பழைய கணிப்பொறிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 2 ஜி.பி. ராம் மட்டுமே இருந்தது. ஒரு பாடப் படத்தைத் திறந்துவிட்டு, அது திரையில் வருவதற்குள் ஒரு வாய்ப்பாட்டை ஒப்பித்துவிடலாம். இந்த நிலையை மாற்ற, பள்ளி விழாவில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா விற்றுக் கிடைத்த பணத்தில் ஆளுக்கு இன்னொரு 2 ஜி.பி. ராம் துண்டு வாங்கிப் பொருத்துவதென்று பெற்றோர் ஆசிரியர் கழகம் முடிவு செய்தது. பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவரும் அந்தப் பால்கோவாவைப் பொட்டலம் கட்டியவர்கள். எங்களில் மூவர் இராஜபாளையம், இருவர் ஸ்ரீவில்லிபுத்தூர்.

இராஜபாளையத்திலிருந்து ஓர் அண்ணன் வந்து ஆறு துண்டுகளையும் பொருத்திச் சென்றார். பாதித் தொகை அன்றே தரப்பட்டது. மீதி, சோதித்துப் பார்த்த பிறகு என்று பேச்சு. எங்கள் கணிப்பொறி ஆசிரியையான சிஸ்டர், மெம்டெஸ்ட் என்னும் நினைவகச் சோதனையை ஒரு பென் டிரைவில் ஏற்றி ஓட்டினார்கள். 2 ஜி.பி.யும் 2 ஜி.பி.யும் சேர்ந்தால் 4 ஜி.பி., அதாவது 4096 மெகாபைட் வரவேண்டும். திரையில் வந்ததோ 3327. நான்கு கணிப்பொறிகளில் இதே எண். மற்ற இரண்டில் இன்னும் மோசம், 1791.

அப்போது அங்கிருந்த பெற்றோர் ஒருவர், "காசை வாங்கிக்கொண்டு குறைத்துப் போட்டுவிட்டாரே, சிஸ்டர்" என்றார். சொல் ஒன்றுதான். ஆனால் மாலைக்குள் அது பள்ளிப் பேருந்து வரை வந்துவிட்டது. அந்த அண்ணனின் தங்கை நம் பள்ளியில்தான் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். மறுநாள் மதிய உணவு வேளையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம்.

சிஸ்டர் எங்களை அழைத்தார்கள். "பிள்ளைகளா, ஒருவரைத் திருடர் என்று சொல்வதற்கு முன் கணக்கு வேண்டும். ஒரு வாரம் தருகிறேன். 4096-க்கும் 3327-க்கும் நடுவே என்ன நடந்தது என்று எனக்கு எழுதிக் காட்டுங்கள்" என்றார்கள். கழித்துப் பார்த்தோம். காணாமற்போனது 769.

எங்களுள் ஒருத்தியின் அப்பா இராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்ப்பவர். அன்றிரவு அவள் இதைச் சொன்னதும் அவர் சிரித்தாராம். "170 கிலோ பஞ்சு பேலைப் பிரித்துப் போட்டால் 170 கிலோ நூலா வருகிறது? புளோரூமில் கொஞ்சம், கார்டிங்கில் கொஞ்சம் கழிவாகப் போகும். ஒவ்வொரு இடத்துக் கழிவையும் எடை போட்டு எழுதிவிடுவோம். எழுதிவிட்டால் அது கழிவு. எழுத முடியாமல் நின்றால்தான் சந்தேகம்." எங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. 769-ஐயும் எந்த இடத்தில் எவ்வளவு என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் ஒரு சாக்கை ஒதுக்கிவிடுகிறோம், ஏனெனில் இதைச் சொல்லாதவர் இல்லை. "கம்பெனிக்காரன் ஆயிரத்தை ஒரு கிலோ என்பான், கணிப்பொறி 1024-ஐ ஒரு கிலோ என்னும், அதனால்தான் குறைகிறது" என்று ஒரு விளக்கம் உண்டு. ஹார்டு டிஸ்க்குக்கு அது சரி. 500 ஜி.பி. என்று விற்ற டிஸ்க், விண்டோஸில் 465 என்று காட்டுவது அதனால்தான். ராம் துண்டை விற்பவரும் 1024 கணக்கில்தான் விற்கிறார். எனவே இந்தச் சாக்கு இங்கே செல்லாது.

அடுத்து, கணிப்பொறியைப் போட்டவுடன் விண்டோஸ் வருவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் பயாஸைத் திறந்து பார்த்தோம். எத்தனை துண்டுகள் ஸ்லாட்டில் இருக்கின்றன என்பதை அது நேரே எண்ணுகிறது. முதல் நான்கு கணிப்பொறிகளில் 4096 என்று இருந்தது. ஐந்திலும் ஆறிலும் 2048. இங்கேயே பாதி வழக்கு பிரிந்துவிட்டது. நான்கில் ராம் முழுதாக இருக்கிறது, ஆனால் பயன்பாட்டுக்கு முழுதாக வரவில்லை. இரண்டில் ஒரு துண்டு கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்கள். ஒரே மருந்து தேடியிருந்தால் ஒரு வாரம் போதாது.

நான்கின் கதையை முதலில் சொல்கிறோம். பயாஸின் பக்கங்களைப் புரட்டியபோது, திரைக்கான நினைவகம் 256 மெகாபைட் என்று ஒரு வரி கண்ணில் பட்டது. இந்தக் கணிப்பொறிகளில் தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. மதர்போர்டிலேயே அந்த வேலை நடக்கிறது. தனக்கென்று நினைவகம் இல்லாததால் அது பொது ராமிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. எடுத்தது எடுத்ததுதான், மற்றவர்க்கு இல்லை. 769-இல் 256 போக மீதி 513.

அந்த 513-இல் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ளத்தான் மூன்று நாள் ஆயிற்று. சிஸ்டர் கரும்பலகையில் ஒரு தெருவை வரைந்தார்கள். கணிப்பொறி, நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் தருகிறது. 32 பிட் கணக்கில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 4,294,967,296. சரியாக 4 ஜி.பி. ஆனால் அந்த எண்கள் ராமுக்கு மட்டும் உரியவை அல்ல. திரை, நெட்வொர்க் அட்டை, பயாஸ் சிப் ஆகியவற்றுக்கும் அதே தெருவில் கதவு எண் தரவேண்டும். தெருவின் கடைசிப் பகுதியை அவற்றுக்கென்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எங்கள் மதர்போர்டில் அந்த ஒதுக்கீடு 512 மெகாபைட் அளவு. அங்கே வீடு கட்டிய ராமுக்கு வீடு இருக்கிறது, கதவு எண் இல்லை. தபால்காரர் எப்படிப் போவார்?

513-இல் 512 போனால் 1. இந்த ஒன்றை விட்டுவிடலாமே என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் விடவில்லை. தேடியபோது அது 1981-ஆம் ஆண்டில் கொண்டுபோய் விட்டது. அந்த ஆண்டு வந்த ஐ.பி.எம். கணிப்பொறியில், முதல் 1 மெகாபைட்டில் 640 கிலோபைட் மட்டும் நிரல்களுக்கு. அதற்கு மேலுள்ள 384 கிலோபைட் திரைக்கும் பயாஸுக்கும் என்று வகுத்தார்கள். அந்த வகுப்பு இன்றுவரை கூடவே வருகிறது. 384 கிலோபைட் குறைந்தால் 3328 என்பது முழுதாக நிரம்பாது. சோதனை அதை 3327 என்று காட்டுகிறது. எங்கள் அம்மாமார் பிறந்த காலத்துக் கணக்கு ஒன்று எங்கள் ராமில் இன்னும் வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அறிந்து வியந்தோம்.

256, 512, 1. கூட்டினால் 769. அன்று கணிப்பொறி அறையில் நாங்கள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கண்டித்தார்கள்.

நான்கில் ஒன்றின் மதர்போர்டு சற்றுப் புதியது. அதன் பயாஸில், கதவு எண் கிடைக்காத ராமை 4 ஜி.பி.க்கு மேலான எண்களுக்கு மாற்றிக் குடியமர்த்தும் வசதி இருந்தது, அணைத்து வைத்திருந்தார்கள். சிஸ்டர் அனுமதியுடன் அதை இயக்கினோம். சோதனை 3839 காட்டியது. 512 திரும்பிவிட்டது! ஆனால் விண்டோஸைத் திறந்தால் பழையபடி 4 ஜி.பி.யில் 3.25 மட்டுமே பயன்படும் என்கிறது. அது 32 பிட் விண்டோஸ் 7. அந்தத் தெருவுக்கு வெளியே அது போகாது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காமார் பெற்ற மடிக்கணினிகள் பலவற்றிலும் இப்படி இரண்டு எண்கள் அருகருகே இருப்பதைப் பார்க்கலாம்.

இனி ஐந்தும் ஆறும். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, உடம்பிலுள்ள நிலைமின்சாரம் போவதற்காக உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, துண்டுகளை ஓரத்தில் பிடித்துக் கழற்றினோம். தங்க நிறத் தொடுமுனைகளில் மங்கலான கறை படிந்திருந்தது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைக்கவேண்டும். ஒருத்தி இதற்கென்றே சத்திரப்பட்டிப் பேண்டேஜ் துணி கொண்டுவந்திருந்தாள். நூல் பிரிந்து ஸ்லாட்டில் விழும் என்று சிஸ்டர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரு பக்கக் கொக்கிகளும் "டக்" என்று விழும்வரை அழுத்திப் பொருத்தியபின், ஐந்தாவது 4096 என்றது. சோதனையில் 3327. அதுவும் கணக்கில் அடங்கிவிட்டது.

ஆறாவது அசையவில்லை. துண்டு கெட்டதா, ஸ்லாட் கெட்டதா? புதிய துண்டை எடுத்து ஐந்தாவதில் போட்டோம், வேலை செய்தது. ஐந்தாவதன் துண்டை ஆறாவதன் இரண்டாம் ஸ்லாட்டில் போட்டோம், தெரியவில்லை. அதையே முதல் ஸ்லாட்டில் போட்டால் தெரிந்தது. ஆகவே துண்டு நல்லது, பழுதானது ஸ்லாட். விளக்கை உள்ளே காட்டியபோது இரண்டாம் ஸ்லாட்டின் ஒரு முனை பழைய துருவுடன் உள்ளே மடங்கியிருந்தது. துரு ஒரு வாரத்தில் பிடிப்பதில்லை.

1994-இல் கிறிஸ் பிராடி என்பவர் முதன்முதல் எழுதிய அந்தச் சோதனை நிரல், எவ்வளவு ராம் இருக்கிறது என்று சொல்வதற்காக மட்டும் ஏற்பட்டதன்று. ஒவ்வோர் இடத்திலும் ஒன்றையும் சுழியத்தையும் மாற்றி மாற்றி எழுதி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துப் பார்ப்பதே அதன் தலையாய வேலை. வெள்ளிக்கிழமை மாலை செபமாலை முடிந்தபின் ஆறிலும் அதை ஓடவிட்டு அறையைப் பூட்டினோம். சனிக்கிழமை காலை வந்து பார்த்தபோது ஆறிலும் பிழைகள் சுழியம். போட்ட துண்டுகள் அளவிலும் சரி, தரத்திலும் சரி.

இவற்றை ஒரு பெரிய தாளில் அட்டவணையாக எழுதி, பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் நாங்கள் ஐவரும் நின்று வாசித்தோம். முதலில் பேசிய அந்தப் பெற்றோர் தாளை வாங்கி, 256, 512, 1 என்று தாமே கூட்டிப் பார்த்தார். பிறகு, மீதித் தொகையை அந்தத் தம்பிக்கு இன்றே கொடுத்துவிடுங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னார். ஏழாம் வகுப்புத் தங்கையைக் கூட்டத்துக்கு அழைக்கலாமா என்று நாங்கள் யோசித்தோம்; பலர் முன் நிறுத்தினால் கூசுவாள் என்று விட்டுவிட்டு, மதியம் அவளுடன் சேர்ந்து சாப்பிட்டோம். கணக்கை அவளுக்கும் சொன்னோம். அந்த ஒரு மெகாபைட் கதைதான் அவளுக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை அந்த அண்ணன் வந்து பணத்தைப் பெற்றுக்கொண்டு, அட்டவணைக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிச் சென்றார். ஆறாவது கணிப்பொறி இன்னும் 1791-இல்தான் ஓடுகிறது. அதற்கு வாங்கிய துண்டு, பெயரும் தேதியும் எழுதிய உறையில் சிஸ்டரின் அலமாரியில் இருக்கிறது.