மணமகன் தேவை

புதிய சிலந்தி கண்டுபிடிப்பு என்று பேப்பரில் அடிக்கடி வருகிறது. ஒரு படம், வாயில் நுழையாத ஒரு பெயர், அதோடு சரி. அந்தப் பெயர் வைக்கும் வேலையைப் பார்க்கத்தான் நண்பரின் தம்பியோடு கும்மிடிப்பூண்டி ரயிலேறி, மீஞ்சூரை அடுத்த அனுப்பம்பட்டில் இறங்கினேன். தம்பி ஆராய்ச்சி மாணவர்.

பனந்தோப்பு மணலில் விளிம்பு வரை புதைத்த பிளாஸ்டிக் டம்ளர்கள். உள்ளே கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்ட். தரைச் சிலந்தி வலை கட்டிக் காத்திருக்காது; ராத்திரி ஓடியோடி வேட்டையாடும், ஓட்டத்தில் டம்ளருக்குள் விழும். அன்று விழுந்திருந்தது பெரும்பாலும் எறும்பும் குஞ்சுச் சிலந்தியும். குஞ்சை வைத்து இனம் சொல்ல முடியாது. கடைசித் தோலையும் உரித்து வயதுக்கு வந்திருக்க வேண்டும்.

"டம்ளரவிட இந்த அம்மா கைதான் சார் நம்பிக்கை" என்றார் தம்பி, கூட வந்த அம்மாவைக் காட்டி.

அந்த அம்மா இருளர். சிறு வயதிலிருந்து ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடும் ஓலைப் 'பரி'யைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் பாதி நாள். விரல் முழுக்கக் கீறல். மழைக்காலத்தில் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். பிறகு எடையும் அவர் வைத்ததுதான், விலையும் அவர் சொன்னதுதான். தண்ணீரில் இறங்காதவனுக்கு லாபம், இறங்கியவருக்குக் கடன்! இது எந்த ஊர் நியாயமோ. சரி, சிலந்திக்கு வருகிறேன்.

"தோ பாரு தம்பி, பொட்டச்சி" என்று ஒரு மட்டையைப் புரட்டினார். அடியில் பட்டுப்பைக்குள் ஒரு சிலந்தி சுருண்டு கிடந்தது.

இரவு, அதே வகையில் முன்பு பிடித்த ஒன்றை நுண்ணோக்கியில் காட்டினார் தம்பி. பின்புறம் இரண்டு நூல் காம்புகள், உருளையாக, ஒன்றையொன்று ஒட்டாமல். குடும்பம் அதிலேயே தெரிந்துவிடும். இனம் தெரிய வேண்டுமானால் வயிற்றடியில் உள்ள இனப்பெருக்கத் தகடுதான். கடுகைவிடச் சிறியது. ஊசியால் அறுத்தெடுத்து, காரக் கரைசலில் சதையைக் கரைத்து, உள்ளே சுருண்டோடும் குழாய்களை வரைய வேண்டும். இந்த ஒரு படத்துக்கு மூன்று வாரமாம். காலின் ஒவ்வொரு கணுவுக்கும் எடுத்த அளவுகளையும் விளக்கினார். நான் கொட்டாவி விட்டேன்.

வரைந்தது போதாது, முன்பே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிட வேண்டும். சிலந்திப் பெயர்களின் கணக்கு 1757-இல் ஸ்வீடன்காரர் கிளார்க்கின் நூலில் தொடங்குகிறது. 2022-இல் 50,000 இனங்களைத் தாண்டிவிட்டது. நம் நாட்டுத் தரைச் சிலந்திகளுக்கு 1982-இல் திகாதர் எழுதிய தொகுதிதான் இன்னும் கைப்புத்தகம். சந்தேகம் வந்தால் கொல்கத்தாவுக்குப் போய், அங்கே வைத்திருக்கும் மூல மாதிரியை, அதாவது முதலில் பெயர் வைத்த சிலந்தியையே பார்க்க வேண்டும்.

தம்பி இன்னும் பெயர் வைக்கவில்லை; இதுவரை ஆண் சிக்கவில்லை. பெண்ணை மட்டும் வைத்து எழுதலாம், விதி தடுக்கவில்லை. நாளை ஆணைப் பிடிக்கும் ஒருவர் அதற்கு வேறு பெயர் வைத்துவிட்டால், ஒரே இனத்துக்கு இரண்டு பெயர். அப்படி நடந்தும் இருக்கிறது. காத்திருப்பதுதான் சரி என்றே எனக்கும் படுகிறது. குப்பியில் இப்போது நான்கு பெண்கள்.

பனந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உதிர்ந்த ஓலையையும் மட்டையையும் கூட்டிக் கொளுத்திவிடாதீர்கள். அடுத்த மழை முடியும்வரையாவது கிடக்கட்டும்; மாப்பிள்ளை அதற்கடியில் இருக்கலாம்.